பாலன் பிறப்புக்கு முன்னம் கிறிஸ்து: தரம் 10 பிள்ளையளுக்கு எப்பிடிப் படிப்பிக்கலாம்?

பாசையூர்_மறைக்கல்வி

வணக்கம். திருவருகைக் காலத்து மூண்டாம் ஞாயிறு தரம் 10, 11 பிள்ளையளுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேணும். பூசை முடிஞ்சு 45 நிமிசம்தான் கையிலை. விஷயம், கிறிஸ்து கன்னி மரியாவின்ரை வயிற்றிலை உருவாக முதலே இருந்தவர் எண்ட விசுவாசம். புத்தகத்திலை இதை ரெண்டு பந்தியோடை முடிச்சிருக்கு. யோவான் 1:1ஐ வாசிச்சு, "அவர் அநாதியானவர்" எண்டு சொல்லிப்போட்டு விட்டால் பிள்ளையள் தலையாட்டுவினம். வெளியிலை ஆரும் கேட்டால் வாய் திறக்காயினம்.

கேள்வியளைத் துண்டிலை எழுதித் தரச் சொன்னனான். முதலே இருந்தவருக்கு மாதா எப்பிடித் தாயாகலாம் எண்டு ஒண்டு. கூடப் படிக்கிற சைவப் பிள்ளையள், "ஆன்மா எல்லாமே அநாதிதான், நாங்களும்தான் பிறக்க முதல் இருந்தனாங்கள், இதிலை உங்கட இயேசுவுக்கு என்ன விசேஷம்?" எண்டு கேக்கினமாம். வீட்டுக்கு வாற யெகோவாவின் சாட்சிகள் கொலோசையர் 1:15ஐக் காட்டி, கடவுள் முதன்முதல் படைச்சது அவரைத்தான் எண்டு சொல்லுகினமாம். இன்னொரு துண்டிலை, 325ஆம் ஆண்டு ஒரு அரசன் வாக்கெடுப்பு வைச்சு அவரைக் கடவுளாக்கினது எண்டு யூடியூப்பிலை பாத்ததாய் எழுதியிருக்கு.

எந்த ஒழுங்கிலை எடுத்தால் நேரத்துக்குள்ளை முடியும்? பலகையிலை என்னத்தைக் கீறலாம், எதைத் தொடவே கூடாது எண்டும் சொல்லுங்கோ.

வட்டுக்கோட்டை_வாசகர்

பிள்ளை, நான் தென்னிந்திய திருச்சபைக்காரன், என் சொற்கள் உங்கள் புத்தகத்துச் சொற்களோடு கொஞ்சம் மாறும். விசுவாசம் ஒன்றுதான்.

"பிறப்பதற்கு முன் இருந்தார்" என்பது பாதி விசுவாசம். அதை மட்டும் சொன்னால் ஆரியுவும் ஆமென் சொல்லுவான். அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த அந்த மனிதன் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போதித்தது இதுதான்: குமாரன் உலகத்துக்கு முன்னே, காலங்களுக்கும் முன்னே இருந்தவர், உலகம் அவர் மூலமாய்த்தான் உண்டானது, ஆனாலும் அவர் உண்டாக்கப்பட்டவர். முன்னமே இருந்தார் என்பதில் அவனுக்கு ஒரு சிக்கலும் இல்லை. அவருக்குத் தொடக்கம் உண்டு என்றான், அங்கேதான் சபை அவனை மறித்தது. ஆகையால் வகுப்பில் இரண்டு வாக்கியங்களைத் தனித்தனியே நிறுத்துங்கள். குமாரன் என்கிற ஆளுக்குத் தொடக்கம் இல்லை. அவர் எடுத்துக்கொண்ட மனிதத் தன்மைக்கு நாசரேத்தில் தொடக்கம் உண்டு. உங்கள் துண்டுகளில் வந்த கேள்விகளில் பாதி இந்த இரண்டையும் குழைப்பதால் வருவது.

கரும்பலகையில் இரண்டு கோடு போதும். மேற்கோட்டைப் பலகையின் இடது விளிம்பிலிருந்து வலது விளிம்புவரை இழுத்து, இரு முனையிலும் அம்புக்குறி போடுங்கள். எங்கும் புள்ளி வைக்க வேண்டாம். அதற்கு ஒரு சாண் கீழே இரண்டாவது கோடு. அது பலகையின் நடுவில் ஒரு புள்ளியில் தொடங்கி வலது பக்கம் மட்டும் போகும். புள்ளிக்குக் கீழே லூக்கா 1:35 என்று எழுதி, அந்தப் புள்ளியிலிருந்து மேற்கோட்டுக்கு நிலைக்குத்தாக ஒரு கோடு இழுத்து இணையுங்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் மேலே ஒருவர், கீழே இன்னொருவர் என்று இரண்டு ஆட்களாகிவிடும்.

இந்தப் படத்தில் வழக்கமாய்ப் பிழைக்கிற இடங்கள் உண்டு. புள்ளிக்குப் பெத்லகேம் என்று பெயர் எழுதிவிடுவார்கள். அவர் மனுஷனானது மரியாளின் கர்ப்பத்தில். திருச்சபை நாட்காட்டியும் மார்ச் 25இலிருந்து டிசம்பர் 25வரை ஒன்பது மாதத்தைக் கணக்காய் விட்டிருக்கிறது. கீழ்க்கோட்டைப் பரமேறுதலோடு நிறுத்துவதும் பிழை. சரீரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவர் திரும்பிப் போகவில்லை, உயிர்த்தெழுந்த சரீரத்தோடேயே பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறார், அதனால் வலது பக்கத்து அம்பு கட்டாயம் வேண்டும். மேற்கோட்டின் இடது பக்கத்துக்கு "படைப்புக்கு முன்" என்று தலைப்புப் போட்டீர்களோ, கடவுள் கோடானுகோடி வருஷம் சும்மா காத்திருந்தார் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்ளும். காலமும் படைப்போடேயே உண்டானது என்பது அகுஸ்தீனுவின் (354–430) விடை. மேற்கோடு வருஷக் கணக்கு அல்ல என்று வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் படமே பிழையைப் படிப்பிக்கும்.

வேதபகுதி எடுக்கும்போது யோவான் 1:1இல் தொடங்காதீர்கள். எல்லாருக்கும் மனப்பாடமான வசனம், அதனாலேயே காதில் ஏறாது. யோவான் 17:5இல் தொடங்குங்கள். "உலகம் உண்டாகிறதற்கு முன்னே உம்மிடத்தில் எனக்கு உண்டாயிருந்த மகிமை" என்று இயேசு பிதாவோடு பேசுகிறார். பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர், இருவரும் உலகத்துக்கு முன்னம். பிதாவே வேறு கோலத்தில் இயேசுவாக வந்தார் என்கிற சபெல்லியுவின் போதனை (இன்றைக்கும் சில கூட்டங்களில் கேட்கலாம்) அந்த ஒரு ஜெபத்திலேயே விழுந்துபோகும்.

அடுத்து பிலிப்பியர் 2:6–8. அவர் கடவுளின் மனதில் ஒரு திட்டமாக மட்டும் இருந்தார் என்று சொல்லுகிறவர்களுக்கு இதுதான் பதில். எரேமியா 1:5இல் "தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்" என்கிறார் தேவன். எபேசியர் 1:4 நம்மையும் உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொண்டதாகச் சொல்லுகிறது. அங்கே எரேமியாவோ நாமோ முன்னமே இருந்ததாகக் கருத்து இல்லை, தேவன் அறிந்திருந்தார் என்பதே. பிலிப்பியரில் அப்படி இல்லை. தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்தார். மனுஷனாகுமுன் ஒரு தீர்மானம் எடுக்கிறார், ஒரு காரியம் செய்கிறார். திட்டம் தன்னைத்தானே வெறுமையாக்காது. ஒன்று கவனம்: வெறுமையாக்கினார் என்றவுடன் தெய்வத்துவத்தைப் பரலோகத்தில் விட்டுவிட்டு வந்தார் என்று விளக்கக் கூடாது. எதை விட்டார் என்று பவுல் அங்கே பட்டியல் போடவில்லை. எதை எடுத்தார் என்றுதான் சொல்லுகிறார். கொலோசெயர் 2:9ஐ அதோடு சேர்த்து வாசித்தால் அந்தப் பிழை வராது.

மூன்றாவதாக யோவான் 1:1–3. இப்போது பிள்ளைகளையே பலகைக்கு அழையுங்கள். உண்டானவை, உண்டாகாதவர் என்று இரண்டு நிரல். வானம், கடல், தூதர், ஆன்மா, காலம் என்று ஒவ்வொன்றாய் அவர்கள் சொல்லட்டும். எல்லாம் முதல் நிரலுக்குப் போகும். பிறகு 3ஆம் வசனம்: "உண்டானதொன்றும் அவராலேயல்லாமல் உண்டாகவில்லை." வார்த்தையானவரை எந்த நிரலில் எழுதுவது என்று கேளுங்கள். முதல் நிரலில் போட்டால் தம்மைத் தாமே உண்டாக்கினார் என்று ஆகிவிடும். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அரை நிமிஷம் அமைதியாய் நில்லுங்கள். அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை ஆரியுவுக்குப் பதில் சொல்லிவிட்டது.

அதோடு நிறுத்துங்கள். எபிரெயர் 1ஐயும் யோவான் 8:58ஐயும் கூடச் சேர்க்க ஆசை வரும். 45 நிமிஷத்துக்கு மூன்று பகுதியே கூடுதல்தான்.

நல்லூர்_சித்தாந்தம்

அந்தச் சைவப் பிள்ளையளின்ரை கேள்வி நியாயமானது, அதைச் சிரிச்சுத் தட்டிவிடாதேங்கோ. நான் சைவன், எங்கட பக்கத்தை நேராய்ச் சொல்லுறன், நீங்கள் பாத்து எடுங்கோ.

சைவ சித்தாந்தத்திலை பதி, பசு, பாசம் மூண்டும் அநாதி. ஆன்மாவை ஆரும் படைக்கேல்லை. இறைவன் குடுக்கிறது உடம்பும் கருவியளும் உலகமும்தான், அதுவும் வினைக்குத் தக்கபடி. ஆகவே "பிறக்க முதலே இருந்தார்" எண்டு நீங்கள் பெருமையாச் சொல்லேக்கை எங்கட பிள்ளைக்கு அதிலை ஒண்டும் புதிசாய்த் தெரியாது. நல்லூர்த் திருவிழாவிலை கடலை விக்கிறவரும் அநாதிதான். கிறிஸ்தவத்திலை ஆன்மா கருவிலை கடவுளாலை படைக்கப்படுகுது, முன்பிறப்பு இல்லை எண்டதை முதல் சொல்லவேணும். அது தெரிஞ்சால்தான், மனிசராய்ப் பிறந்த எல்லாரிலும் இவர் ஒருவர்தான் தன்ரை பிறப்புக்கு முன்னமே இருந்தவர் எண்டு நீங்கள் சொல்லுறதின்ரை பாரம் விளங்கும். உங்கட பிள்ளையளுக்கே இது தெரியுமோ எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

ரெண்டாவது, எங்கட பக்கத்திலை உண்மையான மறுப்பு வேறை இடத்திலை இருக்கு. சிலப்பதிகாரம் சிவனைப் "பிறவா யாக்கைப் பெரியோன்" எண்டு சொல்லுது. கருவிலை தங்கிப் பிறக்கிறது வினையுள்ள உயிருக்கு. இறைவன் அருளாலை திருமேனி கொண்டு குருவாய் வருவான், கருப்பைக்குள்ளை வரமாட்டான். தரம் 11இலை சைவநெறி வடிவாய்ப் படிச்ச பிள்ளை இதைத்தான் கேக்கும். உங்கட விடை என்ன எண்டதை ஆயத்தமாய் வைச்சிருங்கோ. வினையாலை பிறந்தார் எண்டு நீங்கள் சொல்லேல்லை எண்டது எனக்குத் தெரியும். பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரியாது.

அவதாரம் எண்டு மட்டும் சொல்லி விட்டிடாதேங்கோ. கேக்கிற பிள்ளைக்கு மச்சம், கூர்மம், வராகம் எண்டு பத்தும் ஞாபகத்துக்கு வரும். வேலை முடிஞ்சதும் அந்த உருவம் ஒழிஞ்சுபோம். வட்டுக்கோட்டை ஐயா சொன்ன அந்த வலது பக்கத்து அம்பு அந்த இடத்திலை உங்களுக்கு உதவும்.

குருநகர்_கரையோரம்

நல்லூர் ஐயா சொன்ன முதலாவது விஷயம் சரியான முக்கியம். ஆன்மா முன்னமே இருந்தது எண்ட எண்ணம் எங்கட பக்கத்திலையும் ஒருக்கால் எழும்பினதுதான். மூண்டாம் நூற்றாண்டிலை ஒரிஜன் அப்பிடி எழுதினார், ஆறாம் நூற்றாண்டிலை திருச்சபை அதை மறுத்துப்போட்டுது. அதே ஒரிஜன்தான் மகன் தந்தையிடமிருந்து நித்தியமாய்ப் பிறக்கிறார் எண்டதையும் அழுத்திச் சொன்னவர், அது நிண்டுட்டுது. ஒரே ஆள் எழுதினதிலை ஒண்டு நிலைச்சு ஒண்டு தள்ளுண்டது.

கருப்பைக்குள்ளை கடவுள் வாறதோ எண்டதுக்கு என்ரை விடை: வினை இழுத்து வந்த பிறப்பு எண்டால் அந்த மறுப்பு நியாயம். இது அவர் தானே விரும்பி எடுத்தது. பிலிப்பியர் 2 எழுதேக்கை பவுல் அதைத்தான் காட்டுறார், தாழ்த்தினவர் அவரே. அதோடை நிப்பாட்டினால் போதும், அந்த வகுப்பிலை வினைக் கொள்கையைப் பற்றி வழக்காட வெளிக்கிட்டால் மணி அடிச்சுப்போடும்.

மாதா கேள்வி. தாய் எண்டவ ஒரு ஆளுக்குத் தாய், ஒரு தன்மைக்கு அல்ல. மாதா பெத்தெடுத்தது மகனாகிய கடவுளை, அவர் அவவிட்டை எடுத்த மனித உடலிலை. அதாலை இறைவனின் தாய். இறைத்தன்மைக்கு அவ தொடக்கம் குடுக்கேல்லை. 431இலை ஆயர்மார் கூடின எபேசுச் சங்கம் முடிவாக்கினது இதைத்தான். 451இலை கல்செதோன் சங்கம் ரெண்டு பிறப்பையும் ஒரே வசனத்திலை வைச்சுது: இறைத்தன்மைப்படி யுகங்களுக்கு முன்பே தந்தையிடமிருந்து, மனிதத்தன்மைப்படி இந்தக் கடைசி நாட்களிலை கன்னி மரியாவிடமிருந்து. பலகையிலை ஐயா கீறச் சொன்ன ரெண்டு கோட்டுக்கும் பக்கத்திலை இந்த ரெண்டையும் எழுதிவிடுங்கோ, அளவாய் இருக்கும்.

பிறந்தார் எண்டால் ஒரு நாள் பிறக்காமல் இருந்திருப்பார்தானே எண்டு கட்டாயம் ஒரு பிள்ளை கேக்கும். எபிரேயர் 1:3 மகனைத் தந்தையின்ரை மாட்சிமையின்ரை சுடரொளி எண்டு சொல்லுது. விளக்கைக் கொளுத்தினால் சுடரிலையிருந்துதான் வெளிச்சம் வருது, ஆனால் வெளிச்சமில்லாத சுடர் ஒரு கணமும் இருந்ததில்லை. அத்தனாசியுஸ் (373இலை இறந்தவர்) ஆரியுஸ்காரருக்கு எதிராய் இந்த மாதிரித்தான் வாதாடினார். வெளிச்சம் ஒரு ஆள் இல்லை, மகன் ஒரு ஆள் எண்டதையும் சேத்துச் சொல்லிப்போடுங்கோ. இல்லாட்டி, கடவுளிலையிருந்து வாற ஒரு சக்தி எண்டு விளங்கிக்கொண்டு போவினம்.

தொடவே கூடாதது எண்டு கேட்டியள். "தகப்பன் இல்லாமல் பிறந்தவர், ஆகவே கடவுள்" எண்டு சொல்லாதேங்கோ. எங்கட ஆக்கள் நிறையப் பேர் சொல்லுற வாதம், ஆனால் நிக்காது. இஸ்லாமியரும் கன்னிப் பிறப்பை நம்புகினம். குர்ஆன் 3:59 ஈஸாவை ஆதாமோடை ஒப்பிட்டு, தகப்பன் இல்லாததாலை ஒருவர் கடவுளாகார் எண்ட பக்கத்துக்குத்தான் கொண்டு போகுது. ஆதாமுக்குத் தாயும் இல்லை. கன்னிப் பிறப்பு, முன்னமே இருந்தவர் மனிதரானார் எண்டதுக்கு அடையாளம். அவர் முன்னமே இருந்ததுக்குக் காரணம் அது இல்லை. மத்தேயுவும் லூக்காவும் கன்னிப் பிறப்பைச் சொல்லுகினம், யோவான் ஆதியைச் சொல்லுறார், ரெண்டையும் ஒண்டுக்கு ஒண்டு ஆதாரமாய்ப் போட்டுக் கட்டாதேங்கோ.

வழிபாட்டிலை ஒரு விஷயம் கவனிச்சனீங்களோ தெரியாது. நத்தாருக்கு மூண்டு பூசை: நடுச்சாமம், விடிய, பகல். நடுச்சாமத்துக்கு லூக்கா 2:1–14. விடியப் பூசைக்கு இடையர். யோவான் 1 வாசிக்கிறது பகல் பூசையிலைதான், எங்கட சனம் நித்திரையாலை எழும்பாத நேரம். நடுச்சாமப் பூசையோடை முடிச்சுக்கொள்ளுற குடும்பத்துப் பிள்ளைக்கு, பாலன் குடிலிலை கிடக்கிறவர் ஆதியிலை இருந்தவர் எண்ட வாசகம் நத்தாரண்டு காதிலை விழவே விழாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னைய லத்தீன் பூசையிலை யோவான் 1:1–14 அனேகமாய் ஒவ்வொரு பூசை முடிவிலையும் கடைசி நற்செய்தியாய் வாசிபட்டது, இப்ப அது இல்லை. மார்கழி 31 காலைப் பூசையிலையும் இதுதான் நற்செய்தி, அதுக்கு வரச் சொல்லலாம்.

விசுவாசப் பிரமாணத்தையும் பாருங்கோ. ஞாயிறிலை நேரம் மிச்சம் பிடிக்கச் சின்னதை, அப்போஸ்தலருடையதைச் சொல்லுற பங்கு கனக்க. அதிலை "ஒரே மகன்" எண்டு இருக்கு, யுகங்களுக்கு முன் எண்ட வரி இல்லை. நிசேயா பிரமாணத்திலைதான் "யுகங்களுக்கெல்லாம் முன்பே தந்தையிடமிருந்து பிறந்தார்", "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" எண்டு வருது. அந்த ஞாயிறு பெரிய பிரமாணத்தைச் சொல்லச் சொல்லிப் பாதரிட்டைக் கேளுங்கோ. அதே பூசை முடிஞ்ச கையோடை வகுப்பு எண்டால் வரியள் வாயிலை கிடக்கும். நத்தாரண்டும் மார்ச் 25உம் "உடல் எடுத்து மனிதர் ஆனார்" எண்ட இடத்திலை முழந்தாளிலை நிக்கிறது, மற்ற நாளிலை தலை வணங்குறது. ஏன் எண்டு அண்டைக்கே சொல்லிக் குடுத்தால் நத்தாரிலை விளங்கிச் செய்வினம்.

நேரம்: யோவான் 17:5க்கு 5 நிமிசம், ரெண்டு கோட்டுக்கு 7, பிலிப்பியருக்கு 8, ரெண்டு நிரலுக்கு 8, துண்டுகளுக்கு 10, மிச்சம் 7 நிமிசம் பிரமாணத்தைக் கையிலை குடுத்து, மேற்கோட்டுக்குரிய வரியளுக்கும் கீழ்க்கோட்டுக்குரிய வரியளுக்கும் ரெண்டு நிறத்திலை அடிக்கோடு போடச் சொல்லுங்கோ. "வானகமிருந்து இறங்கினார்" எந்த நிறம் எண்டு சண்டை வரும். வரட்டும். அதுதான் அந்த நிலைக்குத்துக் கோடு.

அளவெட்டி_சபை

ஒன்றும் சேர்க்காமல் விட்டீர்களே, பழைய ஏற்பாடு! மெல்கிசேதேக், யாக்கோபோடு போராடினவர், சூளையில் நாலாவது ஆள், எல்லாம் பெத்லகேமுக்கு முன் வந்த இயேசுவே. பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னால் உடனே பிடிக்கும்.

வட்டுக்கோட்டை_வாசகர்

அதைத்தான் வேண்டாம் என்பேன், தம்பி. பிடிக்கும் என்பது சரி. ஆனால் மெல்கிசேதேக்கை எபிரெயர் 7:3 "தேவனுடைய குமாரனுக்கு ஒப்பானவன்" என்கிறது. ஒப்பானவன் அவரே ஆகமாட்டான். சூளையில் நாலாவது ஆளைப் பற்றிச் சொல்லுகிறவன் நேபுகாத்நேச்சார், அவனே தானியேல் 3:28இல் தேவன் தம்முடைய தூதனை அனுப்பினார் என்கிறான். இரண்டாம் நூற்றாண்டு யுஸ்தீனு இந்தத் தரிசனங்களில் வார்த்தையானவரைக் கண்டார் என்பது உண்மை, அந்த வாசிப்புக்குப் பழைமை உண்டு. அகுஸ்தீனு அதே இடங்களை எடுத்து, இன்ன ஆள்தான் தோன்றினார் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று நிதானமாய் எழுதினார்.

இதில் ஆபத்து எங்கே என்றால், மாம்சமாகுமுன்னே அவர் அடிக்கடி மனுஷ உடம்பில் வந்து போனார் என்று பிள்ளை பிடித்துக்கொண்டால், பெத்லகேம் அந்த வரிசையில் இன்னொரு வருகையாகிவிடும். நல்லூர் ஐயா சொன்ன பத்து அவதாரக் கணக்குக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகும். பழைய ஏற்பாட்டிலிருந்து ஒன்று வேண்டுமென்றால் ஏசாயா 6ஐ எடுங்கள். யோவான் 12:41, ஏசாயா அவருடைய மகிமையைக் கண்டான் என்று தானே சொல்லுகிறது. புதிய ஏற்பாடு கைநீட்டிக் காட்டுகிற இடம் அது, நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. மீகா 5:2உம் ஆகும், நத்தார் காலத்துக்குப் பொருத்தம்.

இளவாலை_வடக்கு

325இல் அரசன் வாக்கெடுப்பு வைத்தான் என்ற துண்டுக்கு (அது ஆயர்கள் கூடின நிசேயா சங்கத்தைப் பற்றியது):

325இல் கூடினவர்களில் கிறிஸ்து பிறப்புக்கு முன் இருந்தவர் என்பதை எதிர்த்த கட்சி அங்கே இல்லை. இரு பக்கமும் அவரை ஆராதித்தது. அவர் படைக்கப்பட்டவரா இல்லையா என்பதுதான் வழக்கு. வந்த ஆயர்கள் 318 பேர் என்பது பாரம்பரியக் கணக்கு. ஆரியுஸோடு கடைசிவரை நின்று, கையெழுத்து வைக்க மறுத்து நாடுகடத்தப்பட்டவர்கள் இரண்டு ஆயர்கள், செக்குந்துஸும் தெயோனாஸும். மனிதர் ஒருவரைக் கடவுளாக்கும் வாக்கெடுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை.

அரசன் சொன்னதால் முடிந்தது என்றால் பிறகு நடந்ததை விளக்க முடியாது. அதே அரசன் கொன்ஸ்தந்தீன் 335இல் அத்தனாசியுஸைத் திரியருக்கு நாடுகடத்தினான். 337இல் சாகும் தறுவாயில் அவனுக்குத் திருமுழுக்குக் கொடுத்தது நிக்கொமேதியாவின் எவுசேபியுஸ், ஆரியுஸின் பழைய கூட்டாளி. அவன் மகன் கொன்ஸ்தான்சியுஸ் ஆரியுஸ் பக்கத்தைத்தான் தூக்கிப் பிடித்தான். அரண்மனை பல வருஷம் எதிராக நின்றும், நிசேயா பக்கம் நின்ற தெயோதோசியுஸ் அரசனான பிறகு, 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தில் நிசேயா விசுவாசமே நிலைத்தது.

காலக்கணக்கு ஒன்றையும் பலகையில் போடுங்கள். 1 கொரிந்தியர் ஏறத்தாழ 55இல் எழுதப்பட்டது. அதன் 8:6 எல்லாம் கிறிஸ்து வழியாய் உண்டானதாகச் சொல்லுகிறது. அது நிசேயாவுக்கு 270 வருஷம் முந்தியது. சுமார் 112இல் பிளினி என்ற உரோம ஆளுநர், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று பேரரசனுக்கு எழுதினான். அவன் ஆண்ட மாகாணம் பித்தினியா. நிசேயா நகரமே அந்த மாகாணத்தில்தான் இருந்தது.

பாசையூர்_மறைக்கல்வி

எல்லாருக்கும் நன்றி, ஒழுங்கு பிடிபட்டுட்டுது. ஆன்மா கருவிலை படைக்கப்படுகுது எண்டதை முதல் 3 நிமிசத்துக்குள்ளை வைக்கப்போறன். அதுக்கு அடிக்கோட்டு வேலையிலை கொஞ்சம் குறைக்கலாம்.

மிச்சம் இருக்கிறது கொலோசையர் 1:15. அதோடை நீதிமொழிகள் 8:22, திருவெளிப்பாடு 3:14, திருப்பாடல் 2:7 மூண்டையும் சேத்துத்தான் அவை கொண்டு வருவினம். "இன்று நான் உம்மைப் பெற்றேன்" எண்டு இருக்கேக்கை அந்த "இன்று"க்கு முன்னம் மகன் இல்லைத்தானே எண்டு கேட்டால்?

குருநகர்_கரையோரம்

முதல், அவையின்ரை போதனையைச் சரியாய்ச் சொல்லுங்கோ, கூட்டிக் குறைச்சுச் சொன்னால் வீட்டிலை பிடிபடும். இயேசு பூமிக்கு வர முதல் பரலோகத்திலை இருந்தவர் எண்டதை அவையும் நம்புகினம். கடவுள் படைச்ச முதலாவது படைப்பு, அதிதூதர் மிக்கேல் எண்டும் நம்புகினம். ஆகவே யோவான் 17:5ஐயும் 8:58ஐயும் காட்டி அவையோடை வாதாடினால் வேலையில்லை, "ஓம், இருந்தவர்தான்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த வசனத்துக்குப் போவினம். ஐயா சொன்ன ஆரியுஸின்ரை பாதிதான் இது. அவையோடை கதைக்க யோவான் 1:3 மட்டும்தான் சரியான இடம்.

கொலோசையர் 1:15ஐ வாசிச்சால் நிப்பாட்டாமல் 16, 17ஐயும் வாசிக்கச் சொல்லுங்கோ. படைப்புக்கெல்லாம் தலைப்பேறு எண்டதுக்கு அடுத்த வசனமே காரணம் சொல்லுது: அனைத்தும் அவரிலை படைக்கப்பட்டதாலை. படைப்பிலை ஒண்டாய் இருந்தால் அந்தக் காரணம் பொருந்தாது. தலைப்பிள்ளை எண்டால் முதல் பிறந்ததுதானே எண்டு நிப்பினம். திருப்பாடல் 89:27இலை கடவுள் தாவீதைத் தலைப்பேறாக்குவன் எண்டு சொல்லுறார், தாவீது ஈசாயின்ரை கடைக்குட்டி. முதலிடமும் உரிமையும்தான் அங்கை பேச்சு.

திருவெளிப்பாடு 3:14 அவரைக் கடவுளின்ரை படைப்புக்குத் தொடக்கம் எண்டு சொல்லுது. அதுக்கு அதே புத்தகத்தின்ரை 21:6 போதும். அரியணையிலை இருக்கிற கடவுளும் தன்னைத் தொடக்கமும் முடிவும் எண்டுதான் சொல்லுறார். அவருக்கு ஆரும் தொடக்கம் குடுத்தவையோ?

நீதிமொழிகள் 8ஐ வகுப்பிலை திறக்காதேங்கோ. ஆண்டவர் தன்னைத் தொடக்கத்திலை படைச்சார் எண்டு ஞானம் அங்கை சொல்லுது, ஆனால் ஞானத்தை ஒரு பெண்ணாய் வைச்சுப் பாடுற பாட்டு அது; அடுத்த அதிகாரத்திலை அதே ஞானம் ஏழு தூணிலை வீடு கட்டி, மிருகம் அடிச்சு விருந்து வைக்குது. நாலாம் நூற்றாண்டிலை ரெண்டு பக்கமும் அந்தப் பாட்டை இழுத்து இழுத்துப் பாத்தது, அத்தனாசியுஸ் அதுக்காகவே பக்கம் பக்கமாய் எழுதவேண்டி வந்தது. கேட்டால் மட்டும், கவிதையிலை ஒரு வரியைப் பிடிச்சுக்கொண்டு யோவான் 1:3ஐத் தள்ளேலாது எண்டு சொல்லுங்கோ.

திருப்பாடல் 2:7 அரசனை அரியணை ஏத்துற பாட்டு. திருத்தூதர் பணிகள் 13:33இலை பவுல் அந்த "இன்று"வை உயிர்ப்போடை சேக்கிறார். உயிர்த்த அண்டைக்குத்தான் அவர் மகனாய் உண்டானார் எண்டு சாட்சிகளும் சொல்லாயினம், நாங்களும் சொல்லமாட்டம், ஆகவே அந்த வசனம் ஆருக்கும் தொடக்கத் திகதி குடுக்கேல்லை. கலாத்தியர் 4:4 கடவுள் தம் மகனை அனுப்பினார், அவர் பெண்ணிடம் பிறந்தார் எண்ட ஒழுங்கிலை போகுது, அனுப்பேக்கையே மகன். எபிரேயர் 1:5இலையும் இந்தத் திருப்பாடல் வரும். பிள்ளையளை அதே பக்கத்திலை மூண்டு வசனம் மேலை பாக்கச் சொல்லுங்கோ. 2ஆம் வசனத்திலை அந்த மகன் வழியாய்த்தான் உலகங்களே உண்டானதாய் இருக்கும்.